தரையை விட்டு எழாத விமானம்

வணக்கம் நேயர்களே.

விமானி அறை. இடப்பக்க இருக்கையில் ஒரு நாய், வலப்பக்க இருக்கையில் இன்னொரு நாய். கண்ணாடிக்கு வெளியே நீண்ட ஓடுபாதை. பத்து நொடிக்கு ஒன்றுமே நடக்காது. இரண்டும் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். பிறகு இடப்பக்கத்து நாய் மெல்லத் தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கும். அவள் திரும்ப மாட்டாள். என்ஜின் சத்தம் ஏறத் தொடங்கும்.

வீட்டிலேயே நான் எடுத்த ஆறு நிமிடப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. விமானி மணி, துணை விமானி கருப்பி. இரண்டும் நான் வளர்க்கும் நாய்கள். பார்த்தவர்கள் முதலில் சிரித்தது அந்தப் பத்து நொடியில்தான், ஒன்றுமே நடக்காத இடத்தில். அந்தப் படம் எப்படி உருவானது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கணினியில் விமானம் ஓட்டும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. மேசைமேல் ஒரு கட்டுப்பாட்டுச் சக்கரம், காலடியில் பெடல்கள், எதிரே பெரிய திரை. பெடலை ஒட்டித்தான் மணி தூங்குவான். ஒருநாள் விமானத்தைத் தானியங்கியில் விட்டுவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தால் நாற்காலியில் மணி. நான் உட்கார்ந்திருந்த சூடு அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். எதிரே திரையில் மேகங்கள் நகர்கின்றன. அவன் முகத்தில் இருந்த பொறுப்பைப் பார்க்க வேண்டுமே! நானூறு பயணிகளின் உயிர் தன் கையில் இருப்பதுபோல ஒரு முகம். இந்த முகத்தை வைத்து ஒரு படம் எடுத்தே தீர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதல் யோசனை தவறாகப் போனது. இருக்கையை ஆட்டினால் விமானம் ஆடுவதுபோல் இருக்கும் என்று நினைத்தேன். சுழல் நாற்காலியில் மணியை உட்கார வைத்து லேசாக அசைத்ததும் அவன் காதுகள் பின்னால் போயின. உதட்டை நக்கினான். ஒரு கொட்டாவி விட்டான். நாய் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்கிறோம். பல நேரம் அது 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று சொல்வது. அன்றைக்குப் படப்பிடிப்பை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

வழி காட்டியது விமானப் பயிற்சிக் கருவியின் வரலாறுதான். அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தை ஆர்கனும் பியானோவும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை எடுத்து ஒரு சிறு விமானப் பெட்டிக்கு அடியில் பொருத்தி, அது சாயவும் நிமிரவும் திரும்பவும் 1929இல் வழி செய்தார் மகன். ஆரம்பத்தில் அதை வாங்கியவை கேளிக்கைப் பூங்காக்கள். 1934இல் தபால் சுமந்து பறந்த இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விபத்தில் இறந்தார்கள். அதன் பிறகுதான் இராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 5 லட்சம் விமானிகள் அதில் பழகியிருந்தார்கள். வேடிக்கைக்கும் பயிற்சிக்கும் அந்தப் பெட்டி ஒன்றேதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இன்றைய பெரிய கருவிகள் ஆறு கால்கள்மேல் நிற்கின்றன. விமானம் வேகமெடுக்கும் உணர்வைத் தர அவை செய்யும் தந்திரம் எளிது. அறையை மெதுவாகப் பின்னால் சாய்க்கும், அவ்வளவுதான். நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பால் சாய்வையும் முடுக்கத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணெதிரே ஓடுபாதை விரைகிறது, முதுகு இருக்கையில் அழுந்துகிறது. மூளை நம்பிவிடுகிறது. உண்மையில் அந்த அறை இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

அப்படியானால் என் படத்தில் நாய்கள் ஏன் நகர வேண்டும்? கேமராவைச் சாய்த்தேன். விமானம் வலப்பக்கம் திரும்பும்போது கேமராவை எதிர்ப்பக்கம் பத்து டிகிரி சாய்த்தால், உறுதியான சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நாய் விமானத்தோடு சேர்ந்து சாய்கிறது. கொந்தளிப்பான காற்று வேண்டுமா? கேமரா நிற்கும் முக்காலியின் ஒரு காலை விரலால் தட்டினால் போதும். மேகத்துக்குள் நுழைய ஓர் அட்டையை விளக்குக்கு முன்னால் நிதானமாக நகர்த்துங்கள். முகத்தில் நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் வானம், நாய்களுக்குப் பின்னால் வைத்த பழைய மானிட்டர். அதில் ஓடியது நான் பறந்து பதிவு செய்த விமானம்தான்.

நாய்களை நிஜமாகவே அசைத்துப் பழக்கிய காலமும் உண்டு. சோவியத் விண்வெளித் திட்டத்தில் தெருநாய்களை நாள்கணக்கில், சிறிதாகிக்கொண்டே போகும் கூண்டுகளில் வைத்தார்கள். சுழல் பொறியில் சுற்றினார்கள், அதிரும் மேடையில் நிறுத்தினார்கள். 1957 நவம்பர் 3ஆம் தேதி லைக்கா ஏவப்பட்டது. அது சில மணி நேரத்திலேயே வெப்பத்தால் இறந்தது என்ற உண்மை வெளிவர 2002 வரை ஆனது. 1960 ஆகஸ்டில் போன பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் மறுநாள் உயிரோடு திரும்பின. லைக்காவின் படம் ஒன்று என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறது. நாய்க்கு விமானி வேடம் போடும் யாரும் அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது என்று நான் நிஜமாகவே நினைக்கிறேன்.

அதனால் எங்கள் வீட்டுப் படப்பிடிப்பில் சட்டங்கள் இருந்தன. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. நாய் சோபாவிலிருந்து இறங்கினால் அன்றைக்கு முடிந்தது, திரும்பக் கூப்பிடுவதில்லை. சூடேற்றாத எல்.இ.டி. விளக்கு மட்டும்தான், ஏனென்றால் நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். தலையில் மாட்டும் ஹெட்செட் நிஜமானது கிடையாது. மெல்லிய துணிப் பட்டையில் இரண்டு பஞ்சு வட்டங்கள், காதை மூடாமல். அதையும் ஒரு வாரம் தரையில் போட்டு மோந்து பார்க்க விட்டேன், பிறகு ஒரு நொடி, பிறகு மூன்று நொடி. கருப்பி கடைசிவரை அதை ஏற்கவில்லை. அவள் ஹெட்செட் இல்லாமலே பறக்கிறாள். கதையில் அதற்கு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பரிசாகக் கொடுக்கும் தின்பண்டத்தில் சாக்லேட்டோ சைலிட்டால் என்ற இனிப்போ துளிகூட இருக்கக் கூடாது. இரண்டும் நாய்க்கு நஞ்சு.

சரி, ஆட்டவும் முடியாது, வற்புறுத்தவும் முடியாது என்றால் நடிப்பு எங்கிருந்து வரும்?

எடிட்டிங்கிலிருந்து வரும். சுமார் நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்துக்கொண்டு, அதையடுத்து ஒரு தட்டு சூப்பைக் காட்டினார், ஒரு சவப்பெட்டியைக் காட்டினார், ஒரு பெண்ணைக் காட்டினார். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களோ பசி, துக்கம், ஆசை என்று மூன்றையும் அதில் கண்டார்களாம். நாயின் முகத்துக்கு இந்த வித்தை பொருந்துவதுபோல வேறெதற்கும் பொருந்தாது. மணி சும்மா பார்க்கிறான். அடுத்த ஷாட்டில் எரிபொருள் முள் பூஜ்ஜியத்தில். மறுபடி அதே மணி. இப்போது அவன் கவலைப்படுகிறான்! நான் ஒன்றுமே செய்யவில்லை.

இதில் நாயின் பங்கும் இருக்கிறது. நாய்களுக்கு உள்புருவத்தை உயர்த்தும் ஒரு தசை நன்றாக வளர்ந்திருக்கிறது என்றும், ஓநாய்களிடம் அது ஒழுங்காக அமையவில்லை என்றும் 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தப் புருவம் எழும்போதுதான் கண் பெரிதாகி, 'இப்போது என்ன செய்வது' என்று கேட்பதுபோல் தெரிகிறது. மணியின் புருவத்துக்காக மட்டும் நான் நாற்பது நிமிடப் பதிவைத் துழாவியிருக்கிறேன். கிடைத்தது நான்கு நொடி. படத்தின் உச்சக்கட்டம் அந்த நான்கு நொடிதான்.

பார்வையைத் திருப்புவது எளிது. கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் தின்பண்டத்தைப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினால் இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பும். அதைக் கருவிகளைச் சரிபார்க்கும் காட்சியாக வைத்துக்கொண்டேன். கை ரொம்ப வேகமாகப் போனால் அது பசியாகத் தெரிந்துவிடும். மெதுவாகப் போனால் கடமை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. கேமரா நாயின் கண் மட்டத்தில் இருப்பது முக்கியம். மேலிருந்து எடுத்தால் அது செல்லப்பிராணி, நேருக்கு நேர் எடுத்தால் விமானி.

ஒரே ஒரு செயலைத்தான் கற்றுக்கொடுத்தேன். வேகத்தைக் கூட்டும் கைப்பிடியை மூக்கால் தள்ளுவது. கைப்பிடியின் நுனியில் நீலப் பந்து ஒன்றைப் பொருத்தினேன். நாய்களுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் குழம்பும். மூக்கு பந்தைத் தொட்டதும் ஒரு 'க்ளிக்', உடனே பரிசு. கருப்பி நான்காம் நாளே தேறிவிட்டாள். அவள் கருநிறம் என்பதால் வெளிச்சம் வேறு சோதித்தது. பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்த பிறகுதான் அவள் கண்ணும் மூக்கும் தனித்தனியே தெரிந்தன.

கதைக்கு நிஜ விமான விதி ஒன்று கைகொடுத்தது. 10,000 அடிக்குக் கீழே, புறப்படும்போதும் இறங்கும்போதும், விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையற்ற பேச்சு எதுவும் விமானி அறையில் கூடாது என்று அமெரிக்காவில் 1981இல் விதி வந்தது. பேச்சில் கவனம் சிதறி விபத்துகள் நடந்ததால் வந்த விதி. எங்கள் படத்தில் ஓடுபாதை ஓரமாக ஒரு பூனை நடந்து போகிறது. மணி பார்க்கிறான். கருப்பி பார்க்கிறாள். இருவரும் வாய் திறப்பதில்லை. விமானம் எழுகிறது. உயரமானி 3,000, 7,000, 9,900 என்று ஏறுகிறது. முள் 10,000த்தைத் தாண்டிய கணத்தில் இரண்டும் சேர்ந்து குரைக்கின்றன. அந்தக் குரைப்பு, வாசலில் யாரோ அழைப்பு மணியை அடித்தபோது தற்செயலாகப் பதிவானது. அதைக் கேட்டதும் இந்தக் காட்சியை எழுதினேன். எழுதிவிட்டு நாயைத் தேடுவதைவிட, நாய் கொடுத்ததை வைத்து எழுதுவது எவ்வளவோ மேல்.

வானொலி நேயர்களிடம் ஒலியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாதிப் படம் ஒலிதான். என்ஜின் சத்தம் வேக்குவம் கிளீனரிலிருந்து வந்தது, சுருதியைக் குறைத்து இரண்டு அடுக்காகப் போட்டது. அதைப் பதிவு செய்தபோது நாய்கள் வீட்டில் இல்லை, நடைக்குப் போயிருந்தன. படப்பிடிப்பின்போது எந்தச் சத்தத்தையும் ஓடவிடவில்லை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்டால் அவற்றுக்கு 40,000த்துக்கும் மேலே கேட்கும். நாம் அறியாத கீச்சொலி அவற்றைத் தொந்தரவு செய்யலாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் என்னுடையது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3,000த்துக்கு மேலேயும் வெட்டிவிட்டு, கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்தால் அப்படியே விமான வானொலி.

வீட்டு நாயை வைத்துப் படம் எடுப்பது சினிமா அளவுக்கே பழையது. 1905இல் இங்கிலாந்தில் சிசில் ஹெப்வொர்த், 'ரெஸ்க்யூட் பை ரோவர்' என்று ஒரு படம் தயாரித்தார். முக்கியமாக நடித்தவர்கள் அவர், அவர் மனைவி, அவர்கள் குழந்தை, அவர்கள் வளர்த்த பிளேர் என்ற நாய். பிரதிகளுக்கு அவ்வளவு கேட்பு இருந்ததால் நெகட்டிவ் தேய்ந்துபோய், முழுப் படத்தையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. பிளேர் ஓடும் ஓட்டத்தைப் பாருங்கள். அது நடிக்கவில்லை, வீட்டுக்காரர் கூப்பிட்டார், ஓடுகிறது.

கோபுரத்தின் குரலுக்கு நான் எழுதிய வசனமும் அப்படித்தான். மணிக்கும் கருப்பிக்கும் தெரிந்த சொற்கள் மட்டும். புறப்படலாம் என்பதற்குப் 'போலாம்'. காத்திருக்க 'இரு'. தரையிறங்க அனுமதிக்கும் சொல் 'உட்கார்'.

படம் முடிந்ததும் நண்பர்களையும் அவர்கள் குழந்தைகளையும் அழைத்துக் கூடத்தில் திரையிட்டோம். நாய்கள் திரையைச் சட்டை செய்யவில்லை. மணி ஒரு குழந்தையின் காலை மோந்துகொண்டிருந்தான், கருப்பி வாசலைப் பார்த்து நின்றாள். திரையில் விமானம் ஓடுபாதையை நெருங்குகிறது. எரிபொருள் இல்லை. மணியின் புருவம் எழுகிறது. கோபுரத்திலிருந்து கரகரப்பான குரல் வருகிறது: "மணி, கருப்பி... உட்கார்."

கூடத்தில் இருந்த இரண்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தன. திரையில் சக்கரம் தரையைத் தொட்டது. இரண்டும் என்னைத் திரும்பிப் பார்த்தன, பரிசு எங்கே என்று. எழுந்து போய்க் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.