முழங்கை வரை ஒரு கோலம்

புதுச்சேரி வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

அலுவலக வேலையில் இருப்பவர்கள் கண்ணில் படும்படி பெரிதாகப் பச்சை குத்திக்கொள்ளலாமா என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இளைஞர்கள் டாட்டூ என்கிறார்கள். நான் பச்சை என்றே சொல்லப் போகிறேன். கடைவீதியில் குளிரூட்டிய அறையில் மின்கருவியால் குத்தினாலும், அந்தக் காலத்தில் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் குத்தினாலும், ஊசி மையைத் தோலுக்குள் இறக்குகிற வேலை ஒன்றுதான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் நான் அலுவலக நிர்வாகப் பிரிவில் இருந்தவள். ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். "மேடம், கையில் பெரிதாகக் குத்திக்கொண்டால் வேலைக்கு ஏதாவது பாதகம் வருமா?" என்று என் மேசைக்கு வந்து தயங்கி நின்ற பிள்ளைகள் பலர். எல்லோரையும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். மறைக்கப் போகிறாயா, காட்டப் போகிறாயா? இதை இன்று மறுபடியும் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்வி எனக்கு என் அம்மாவின் கையிலிருந்து வந்தது.

அம்மாவுக்குப் பாகூர்ப் பக்கம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து பச்சை. வலக்கையில் ஐந்து புள்ளி வைத்த ஒரு கோலம், அதற்கு மேலே ஒரு தேள். இடக்கையில் சிறு வயதிலேயே இறந்துபோன அண்ணனின் பெயர். அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கிற மாதங்களில், பச்சை குத்தும் குறவர் வீட்டுப் பெண்கள் ஊருக்குள் வருவார்களாம். மஞ்சளும் அகத்திக்கீரையும் சேர்த்து எரித்தெடுத்த கரி. அதைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. நூல் சுற்றிக் கட்டிய இரண்டு மூன்று ஊசிகள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவார்கள். கூலி ஒரு படி நெல், அல்லது ஒரு பழைய சேலை. "போகும்போது நகையை எல்லாம் கழற்றிக்கொண்டுதான் அனுப்புவார்கள். இது ஒன்றுதான் கூட வரும்" என்பார் அம்மா. அவர் வயதுப் பெண்களில் பச்சை இல்லாத கையை எங்கள் தெருவில் நான் பார்த்த நினைவில்லை.

1991-ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐப்பசி அடைமழை. நான் குடையை மறந்துவிட்டுப் போய்விட்டேன் என்று, அம்மா பஸ் ஏறி அந்தக் குடையோடு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எங்கள் மேலாளர் தன்மையான மனிதர். "உட்காருங்கள் அம்மா" என்று நாற்காலி போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அந்த டம்ளரை வாங்கினார். இன்னொரு கையும் முந்தானைக்குள் போயிருந்தது. சூடு தாங்காமல் அப்படிப் பிடிக்கிறார் என்று அறையில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும். கொதிக்கிற சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கி வடிக்கிறவர் அவர்.

படியிறங்கும்போது, "ஏன் அம்மா அப்படி?" என்றேன். "படித்தவர்கள் இருக்கிற இடம். என் கையைப் பார்த்தால் உனக்குத்தானே குறைவு, பாப்பா" என்றார்.

நேயர்களே, இதை நான் சொல்லியாக வேண்டும். அவர் கையை மறைத்துக்கொண்டது அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அம்மா என் அலுவலகத்துக்கு வரவே இல்லை.

தங்க வளையல் கண்ணில் படுகிறது, மருதாணி படுகிறது, நெற்றியில் திருநீறு படுகிறது. ஒன்றையும் யாரும் மறைப்பதில்லை. பச்சையை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? பல நாள் யோசித்திருக்கிறேன். வயலில் இறங்கிய கைகளில் அது இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்த கைகளில் இல்லை. கையைப் பார்த்தே இன்ன தெரு, இன்ன வேலை என்று எடைபோட்டுவிடலாம். "பார்வைக்கு நன்றாக இருக்காது" என்று இன்றைக்கும் ஒரு மேலதிகாரி சொல்கிறாரே, அந்தச் சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது. இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் கையில் ஏறப்போவது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பாட்டியின் கையைக் கேளுங்கள்.

அம்மா 2010-இல் காலமானார். கடைசி மாதங்களில் ஒரு நாள், மெல்லிய தாளை அவர் கைமேல் விரித்து அந்தக் கோலத்தை வரைந்தெடுத்தேன். கோடுகள் பரந்து ஒன்றோடொன்று கலந்திருந்தன. ஐந்து புள்ளிகளில் மூன்றுதான் தனித்துத் தெரிந்தன. கரி கருப்புதானே, அதற்கு ஏன் பச்சை என்று பெயர் என்று நீங்கள் யோசித்ததுண்டா? மை மேல்தோலுக்குக் கீழே, அடுத்த அடுக்கில் போய் உட்காருகிறது. உள்ளே போகிற வெளிச்சத்தில் நீலப் பகுதியைத் தோல் அதிகமாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் அந்தக் கருப்பு நமக்கு நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது. மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக வருகிறது. மை மட்டும் எப்படி ஆயுளுக்கும் நிற்கிறது? பிரான்சில் மார்செய் நகரம் நம் ஊர்க்காரர்களுக்குப் பழைய கப்பல்வழிப் பழக்கம் உள்ள துறைமுகம். அங்குள்ள ஆய்வாளர்கள் 2018-இல் இதை எலிகளிடம் சோதித்துச் சொன்னார்கள். தோலுக்குள் இருக்கிற காவல் செல்கள் அந்த மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் இறந்தால், சிந்திய மையைப் புதிதாக வரும் செல் எடுத்துக்கொள்கிறது. துறைமுகத்தில் மூட்டை தோள் மாறுவதைப் போல, சுமக்கிறவர்கள் மாறுகிறார்கள், சுமை அங்கேயே இருக்கிறது.

2012-இல் என் 45-ஆவது வயதில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், கோலத்தை என் வலக்கையில் குத்திக்கொண்டேன். அம்மாவுக்கு இருந்த அளவே போதும் என்றுதான் கேட்டேன். குத்துகிற தம்பி மறுத்தார். "அவ்வளவு சிறியதாகக் குத்தினால் இருபது வருடத்தில் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி விட்டுப் பெரிதாகப் போடுங்கள் அக்கா" என்றார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அலுவலகத்துக்குப் பயந்தவர்கள் எல்லோரும் செய்கிற தவறு இதுதான். பயத்தில் அளவைச் சுருக்கி, பொடி எழுத்தில் நாலு வரி எழுதிக்கொள்கிறார்கள். வருடம் ஏற ஏற அது மைக்கறை போல ஆகிவிடுகிறது.

நான்கு நாள் விடுப்புக்குப் பிறகு, திங்கட்கிழமை வழக்கமான ரவிக்கையோடு வேலைக்குப் போனேன். முதலில் வந்து பார்த்தவர் எங்கள் தளத்தைப் பெருக்கித் துடைக்கிற அம்மா. பதினோரு வருடப் பழக்கம் எங்களுக்கு. ஒன்றும் சொல்லாமல் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். அவர் கையிலும் கோலம் இருந்தது. அத்தனை வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. மேலே இருந்தவர்கள் ஒரு வாரம் எதுவும் பேசவில்லை. பிறகு, வெளியாட்கள் வருகிற நாட்களில் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள்ளுமாறு சொன்னார்கள். முடியாது என்றேன். அந்த ஆண்டு முழுவதும் வெளியாட்களைச் சந்திக்கும் பொறுப்பு என்னிடம் வரவில்லை. சம்பளம் குறையவில்லை, வேலை போகவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்தமானது, போனது வலித்தது. ஒன்றுமே ஆகாது, தைரியமாகக் குத்திக்கொள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வருடப் பணிமூப்பு இருந்தது. சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண்ணுக்கு அது இல்லை.

ஆகவே, மறைக்கப் போகிறீர்களா, காட்டப் போகிறீர்களா? வானொலிக்கு முன்னால் இருப்பவர்கள் இடக்கையை நீட்டிப் பாருங்கள். ஆண்களுக்கு அரைக்கைச் சட்டை ஏறக்குறைய முழங்கைக்கு நாலு விரல் மேலே முடிகிறது. பெண்களுக்கு ரவிக்கையோ சுடிதாரோ பல சமயம் அதற்கும் மேலேயே முடிந்துவிடுகிறது. மேற்கையில் ஒரே இடத்தில் ஒரே அளவில் இருக்கிற பச்சை, அண்ணனுக்கு மறைந்தும் தங்கைக்குத் தெரிந்தும் இருக்கும். குத்துவதற்கு முன்னால் உங்கள் தையல்காரர் வைக்கிற கை அளவைப் பாருங்கள்.

மறைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தால், அது ஒரு நாள் மறைப்பு இல்லை. கத்திரி வெயிலில், கடல்காற்றின் புழுக்கத்தில், கடலூரிலிருந்து தென்பெண்ணைப் பாலம் ஏறி இரு சக்கர வண்டியில் தினமும் வருகிறவர் முழுக்கைச் சட்டையோடு வர வேண்டும். இந்த வருடமும், அடுத்த வருடமும், ஓய்வு பெறும் வரையும். முழுக்கையை நம்பி முன்கையில் பெரிதாகக் குத்திக்கொண்டு, இரண்டே கோடையில் நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும். மறைக்கத்தான் வேண்டும் என்றால் முதுகு இருக்கிறது, தோள் இருக்கிறது. முன்கையில் குத்திக்கொள்வதென்றால் அது காட்டுவதற்குத்தான்.

வீராம்பட்டினத்துப் பையன் ஒருவன் எங்கள் கணக்குப் பிரிவில் இருந்தான். அப்பா மீன்பிடித் தொழில் செய்தவர், தவறிவிட்டார். அவருடைய கட்டுமரத்தை முன்கை முழுக்க வரைந்துகொள்ள வேண்டும் என்று வந்தான். உடனே போகாதே என்றேன். வீட்டு மருதாணியை அரைத்து அதே இடத்தில், அதே அளவில் வரைந்துகொள், வெளுத்தால் மறுபடி வரை, ஒரு மாதம் அதோடு வேலைக்கு வா, எப்போதெல்லாம் சட்டைக் கையை இழுத்து விடுகிறாய் என்று குறித்துக்கொள் என்றேன். கடையில் விற்கிற கருப்பு மருதாணி மட்டும் வேண்டாம். தலைமுடிச் சாயத்தில் சேர்க்கிற வேதிப்பொருள் அதில் கலந்திருந்தால் தோல் வெந்து கொப்பளிக்கும்.

மாதம் முடிந்து வந்தான். தணிக்கையாளர் முன்னால் இழுக்கவில்லை, மேலாளர் முன்னால் இழுக்கவில்லை. வீட்டுக்கு அத்தை வந்த அன்று மட்டும் இழுத்துவிட்டிருக்கிறான். அண்ணனை நினைத்து அத்தை அழுதுவிடுவாரோ என்ற தயக்கம். அலுவலகத்தை நினைத்து அவன் பயந்த பயம் எல்லாம் உண்மையில் அத்தையின் கண்ணீருக்காக இருந்திருக்கிறது. நேராக அவரிடம் போய்ச் சொன்னான். அவர் அழுதார், அப்புறம் கட்டுமரத்தில் கயிறு கட்டுகிற இடத்தை நீ தப்பாக வரைந்திருக்கிறாய் என்று திருத்திக் கொடுத்தாராம். மூன்று முறை உட்கார்ந்து குத்தி முடித்தான். புண் ஆறும் வரை கடலில் இறங்கக் கூடாது என்றதுதான் அவனுக்குப் பெரிய பாடாக இருந்தது. குத்துவதற்கு முன்பே நிர்வாகத்திடம் பேசி, பணிவிதியில் இதைப் பற்றி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். நான் அதைச் செய்யவில்லை, செய்திருக்க வேண்டும்.

எதிர் அறையிலிருந்து நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

சீருடை வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் கவனியுங்கள். துணை ராணுவப் படைகளில் சேர, பச்சை இடது முன்கையின் உட்பக்கத்திலோ புறங்கையிலோ இருக்கலாம். இடக்கை என்றதற்குக் காரணம், அது சல்யூட் அடிக்காத கை. அளவும் அந்த உறுப்பின் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். தேர்வு அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பகுதியைப் படிக்காமல் ஊசிக்குக் கை நீட்டாதீர்கள்.

லேசரால் அழிப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாக, ஒரே தடவையில் போகாது, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை ஆகும். கருப்பு மை நன்றாகப் போகும், பச்சை நிற மையும் மஞ்சள் நிற மையும் அடம்பிடிக்கும், நம் நிறத்துத் தோலில் தழும்போ வெளுப்போ தங்கலாம்.

ஊசியை உங்கள் கண்முன்னால் உறை பிரித்து எடுக்க வேண்டும். மையைப் புதிய சிறு கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். மஞ்சள்காமாலை பி, சி இரண்டும், எச்.ஐ.வி.யும் ஊசி வழியாக வரக்கூடியவை.

இன்னும் ஒன்று, அரை நிமிடம்தான். பச்சை குத்திய நாளிலிருந்து ஓராண்டுக்கு இரத்த தானம் செய்ய முடியாது. உங்கள் அலுவலகத்தில் இரத்த தான முகாம் வரப்போகிறது என்றால், முதலில் அங்கே போய்க் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு குத்திக்கொள்ளப் போங்கள். வணக்கம்.