நாய்க்கு ஓர் இடம்

வணக்கம், நேயர்களே. வளர்த்த நாய் செத்தால் எங்கே புதைப்பது, எப்படிப் புதைப்பது என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். ‘செத்தால்’ என்ற சொல் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். பன்னிரண்டு வருஷம் வாசலில் படுத்துக் கிடந்ததை அப்படிச் சொல்லலாமா என்பார்கள். நியாயம்தான். ஆனால் கடப்பாரையும் கையுமாக நிற்கிற அன்றைக்கு அழத்தான் தோன்றும், யோசனை ஓடாது. அதனால் யோசிக்க வேண்டியதை இன்றைக்கே யோசித்துவிடுவோம்.

இடத்தை, நாய் உயிரோடு இருக்கும்போதே பார்த்து வையுங்கள். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில், பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் உடலை மறுநாள் வரைக்கும் வைத்திருக்க முடியாது, அன்றைக்கே அடக்கம் செய்தாக வேண்டும். அந்த அவசரத்தில் எல்லோரும் மூன்று இடங்களில் ஒன்றுக்குத்தான் போவார்கள்: நாய் வழக்கமாகப் படுக்கும் மாமரத்தடி, மண் இளகிக் கிடக்கும் கீரைப் பாத்தி, இல்லையென்றால் வீட்டுக்குப் பின்னால் சரிவின் ஓரம். மூன்றுமே சரியில்லை.

மாமரத்தடியில் ஓர் அடி இறங்குவதற்குள் கட்டைவிரல் பருமனுக்கு வேர் குறுக்கே வரும். வெட்டினால் மரத்துக்குக் கேடு. வெட்ட மனமில்லாமல் ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டால் நாலாம் நாள் வாடை வெளியே வரும், அடுத்த தெரு நாய் வந்து பிறாண்டும். மரத்துப் பக்கமாகவே இருக்க வேண்டும் என்று மனம் கேட்டால், கிளை விரிந்திருக்கும் வட்டத்துக்கு வெளியே, நிழல் மாலையில் வந்து விழுகிற பக்கமாகப் பாருங்கள். கீரைப் பாத்தி வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்தில் பாதி வீடுகள் மலைச்சரிவை வெட்டித் தட்டுத் தட்டாகக் கட்டியவை. மேல்பக்கத்தில் வெட்டிய மண்ணைத்தான் கீழ்ப்பக்கம் கொட்டி நிரவியிருப்பார்கள். அந்தக் கொட்டிய மண் தோண்டச் சுலபமாக இருக்கும், அதுதான் ஆபத்து. அதில் ஒரு குழி வெட்டினால், மூடிய பிறகும் சுற்றியிருக்கும் மண்ணைவிட அந்த இடம் தளர்வாகவே இருக்கும். மழைத் தண்ணீர் அங்கே போய்த் தேங்கும், தேங்கிய தண்ணீர் சரிவை உள்ளிருந்தே ஊறவைக்கும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் சரிவுகள் எப்படி இடிந்து வந்தன என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாங்குசுவர் இருந்தால், அந்தச் சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது உள்ளே தள்ளித் தோண்டுங்கள்.

அடுத்தது சாக்கடைக் குழாய். முற்றத்தில் இரும்பு மூடி, சிமென்ட் மூடி எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு மூடியிலிருந்து அடுத்த மூடிக்குக் கண்ணாலேயே கோடு போட்டால் குழாய் அநேகமாக அந்த வழியில்தான் போகும். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு மீட்டர் விட்டுவிடுங்கள். வீட்டு அஸ்திவாரத்துக்கு மூன்று மீட்டராவது தள்ளியிருக்கட்டும். கிணறோ ஆழ்துளைக் குழாயோ ஓடையோ இருந்தால் ஐம்பது மீட்டர். அவ்வளவு இடம் இல்லையென்றால் புதைப்பதை மறந்துவிட்டு எரிப்பதைப் பற்றி யோசிக்கலாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் அனுமதி, அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதி வேண்டும். நகராட்சிக்கு நகராட்சி விதி மாறும், அதனால் சுகாதார அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டுக் கேட்டு வையுங்கள்.

இனி மண். பெரியா மேட்டிலும் கடலோரமாகவும் இருப்பது சிவப்பு மணல். மாவு மாதிரி வெட்ட வரும். ஆனால் காய்ந்திருந்தால் குழியின் பக்கச் சுவர் நிற்காது. ஒரு மீட்டருக்குக் கீழே போனபின் யாரும் குழிக்குள் இறங்கி நிற்கக் கூடாது, மேலேயிருந்து நீளக் காம்பு மண்வெட்டியால்தான் அள்ள வேண்டும். களிமண்ணில் சுவர் நிற்கும், தண்ணீர் இறங்காது. தண்ணீரில் ஊறிக் கிடக்கும் உடல் சீக்கிரம் மக்காது. மக்குவதற்குக் காற்று வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. குறித்து வைத்த இடத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒடுக்கமாக ஒரு துளை போட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஆகாது. இந்தச் சோதனையை ஜூலையில் செய்து ஏமாறாதீர்கள். இங்கே குளிர்காலம் வறண்ட காலம், எந்த மண்ணும் தண்ணீரைக் குடித்துவிடும். ஜனவரியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் செய்தால்தான் உண்மை தெரியும். இரண்டடியில் பாறை தட்டினால் கடப்பாரையோடு மல்லுக்கட்ட வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

குழியின் அளவுக்கு வருவோம். நாயின் மேல் குறைந்தது மூன்று அடி, அதாவது 90 சென்டிமீட்டர் மண் இருக்க வேண்டும். சுருண்டு படுத்த 30 கிலோ நாயின் உடம்பு 25, 30 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஆக, ஆழம் 120 சென்டிமீட்டர். நீளம் ஒரு மீட்டர், அகலம் 80 சென்டிமீட்டர் போதும். சின்னக் குழி மாதிரித் தோன்றும், ஆனால் வெட்டி எடுத்த மண் உப்பிப் போய், 65 லிட்டர் பிடிக்கிற சாதாரணத் தள்ளுவண்டியில் பதினெட்டு வண்டி வரும். எடை ஒன்றரை டன் அளவு. ஒற்றை ஆளால் ஆகிற வேலை அல்ல. இரண்டு பேர் மாறி மாறி வெட்டினாலும் களிமண்ணில் அரை நாள் போய்விடும். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை இன்னொரு பக்கமும் தார்ப்பாய் மேல் கொட்டுங்கள். திருப்பிப் போடும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். மாற்றிப் போட்டால் அந்த இடத்தில் ஒரு வருஷத்துக்குப் புல் முளைக்காது.

உயிர் போன இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அதற்கு முன்னால் காலை மடக்கி, வாலை உள்ளே சுற்றி, அது தூங்கும்போது சுருண்டிருக்கிற மாதிரியே படுக்க வைத்துவிடுங்கள். நீட்டிய காலோடு விறைத்துவிட்டால் குழியை இன்னும் பெரிதாக வெட்ட வேண்டியிருக்கும். விறைப்பு இளக ஒரு நாளுக்கு மேலே ஆகும். கண்ணை மூடிவிட்டாலும் பல நாய்களுக்கு மறுபடி திறந்துகொள்ளும், பதற வேண்டாம். சிறுநீரும் மலமும் தானாக வெளியேறும். பின்பக்கம் பழைய துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். தண்ணீர் புட்டிகளை உறைய வைத்து வயிற்றுப் பக்கம் அணைத்து வைத்தால் நாலைந்து மணி நேர அவகாசம் கிடைக்கும்.

சுற்றுவதற்குப் பருத்தித் துணி. வெள்ளை வேட்டியோ பழைய பருத்திப் புடவையோ நல்லது. பிளாஸ்டிக் பை, நைலான் போர்வை வேண்டவே வேண்டாம்: பையைக் கட்டிப் புதைத்தால் காற்றுப் புகாமல் உடம்பு உள்ளேயே அழுகிக் கிடக்கும், வருஷக்கணக்கில். கழுத்துப் பட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மரப்பெட்டி செய்வதென்றால் அடியில் ஓட்டை போட வேண்டும். அப்படிச் செய்தாலும் இரண்டு மூன்று வருஷத்தில் மூடி இற்று உடைந்து, மேலே நடந்து போகிறவர் கால் பொதுக்கென்று உள்ளே போகும். அதற்கு அட்டைப் பெட்டி எவ்வளவோ மேல்.

சுண்ணாம்பு போட்டால் சீக்கிரம் மக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. நடப்பது நேர்மாறு. சுண்ணாம்பு வாடையைத்தான் அடக்கும், மக்குவதைத் தாமதப்படுத்தும். மூன்றடி மண் இருந்தால் வாடைக்கே இடமில்லை. மஞ்சள் தண்ணீர் தெளிப்பது, பூப்போடுவது, சூடம் காட்டுவது எல்லாம் உங்கள் வீட்டு வழக்கம்போல் செய்யலாம். ஒன்றே ஒன்று: மூன்றாம் நாள் புதைத்த இடத்தில் பால் ஊற்றிச் சோறு படைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வருகிறார்கள். அந்த வாசனைக்குத்தான் கீரிப்பிள்ளையும் தெருநாயும் வருகின்றன, வந்தவை தோண்டாமல் போவதில்லை. படையலைத் தட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மூடும்போது முப்பது சென்டிமீட்டருக்கு ஒருமுறை காலால் மிதித்து இறுக்குங்கள். மேல்மட்டத்துக்கு ஓர் அடி கீழே பழைய தளக்கற்களையோ கட்டடத்துக்குப் போடுகிற கம்பி வலையையோ பரப்பி, அதற்கு மேல் மிச்ச மண். கடைசியில் ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து விடுங்கள். முதல் மழைக்காலம் முடிவதற்குள் அது தரைமட்டத்துக்கு இறங்கிவிடும்; பள்ளம் விழுந்தால் இரண்டு வண்டி மண் போடுங்கள்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். நம் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் ஒழியவில்லை. நாய் சாவதற்கு முன்னால் குணம் மாறியிருந்தால், எச்சில் வடிந்திருந்தால், தாடை தொங்கியிருந்தால், தள்ளாடியிருந்தால், காரணமில்லாமல் கடிக்க வந்திருந்தால் புதைக்காதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். இந்த நோய் 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் வருவது. சந்தேகம் இருந்தாலே தெரிவித்தாக வேண்டும். நோயை உறுதி செய்ய மூளையைச் சோதிக்க வேண்டும், பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் உள்ள அலர்ட்டன் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்கிறார்கள். புதைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். யாரையாவது கடித்திருந்தாலோ நக்கிய இடத்தில் கீறல் இருந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவர் ஊசி போட்டுத் தூங்க வைத்த நாய் என்றால் அந்த உடம்பே நஞ்சு. அந்த ஊசியில் இருக்கும் பென்டோபார்பிட்டோன் மண்ணுக்குள்ளும் மாதக்கணக்கில் சிதையாமல் கிடக்கும். தோண்டித் தின்கிற நாயும் சாகும். டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் திறந்த வெளியில் போட்டால் கழுகுகள் சாகும். இந்த நாய்களுக்கு மூன்றடியில் ஓர் அங்குலம்கூடக் குறையக் கூடாது. எரித்துவிடுவது இன்னும் நல்லது.

எரிப்பதில் இரண்டு வகை. பல உடல்களைச் சேர்த்து எரிப்பது ஒன்று, அதில் சாம்பல் திரும்ப வராது. தனியாக எரிப்பது மற்றொன்று. ‘தனியாக’ என்றால் அடுப்பில் ஒரே உடலா, நடுவில் தடுப்பு வைத்து இரண்டு மூன்று உடலா என்று வாய்விட்டுக் கேளுங்கள். 30 கிலோ நாய்க்குச் சாம்பல் சுமார் ஒரு கிலோ வரும், ஒரு லிட்டர் டப்பாவில் அடங்கும். கையளவு கொடுத்தாலும் மூன்று கிலோ கொடுத்தாலும் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எலும்பு முறிவுக்கு வைத்த தகடு எரியாது, அதைத் தனியே கேட்டு வாங்கலாம்.

பிராணிகளுக்கான இடுகாட்டில் இடம் வாங்குகிறவர்கள் கல்லின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் பத்திரத்தைப் பாருங்கள். நிலம் யாருடையது, எத்தனை வருஷத்துக்கு, வருஷக் கட்டணம் நின்றுபோனால் என்ன ஆகும், நிலம் கைமாறினால் என்ன ஆகும். கேப் டவுன் பக்கத்தில் உள்ள சைமன்ஸ் டவுனில், கடற்படையில் பெயர் பதிந்து சேர்க்கப்பட்ட ‘ஜஸ்ட் நியூசன்ஸ்’ என்ற கிரேட் டேன் நாய் 1944 ஏப்ரலில் இறந்தது. ஊருக்கு மேலே மலையில், கிளாவர் முகாமில், படை மரியாதையோடு புதைத்தார்கள். கருங்கல் பலகையோடு அந்தக் கல்லறை இன்றும் இருக்கிறது, ஏனென்றால் அது நின்றது கடற்படையின் நிலத்தில். நம் வீட்டு முற்றத்துக்கு அப்படி ஓர் உத்தரவாதம் கிடையாது. ஐந்து வருஷத்தில் வீட்டை விற்கிற எண்ணம் இருந்தால் சாம்பல்தான் நல்லது, கூடவே எடுத்துப் போகலாம்.

சாம்பலைச் செடிக்கு நேர் அடியில் கொட்டாதீர்கள், உப்பும் காரமும் வேரைப் பொசுக்கிவிடும். பத்துப் பங்குக்குக் குறையாத மண்ணும் தொழுவுரமும் கலந்து, மாதக்கணக்கில் ஆறவிட்டுப் பரவலாகத் தூவுங்கள். உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் கரைக்கப் போகிறவர்கள் கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் போங்கள். ஏறுகிற நேரத்தில் போட்டது காலடிக்கே திரும்பி வரும். காற்றுக்கு முதுகைக் காட்டி, குனிந்து தண்ணீருக்குப் பக்கத்தில் கொட்டுங்கள். பிளாஸ்டிக் பையும் டப்பாவும் உங்களோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், மூடுவதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்து ஒருமுறை மோந்து பார்க்க விடுங்கள். சில நாய்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும். சில நாய்கள் நாலைந்து நாள் போய்ப் போய் அந்த மண்மேல் படுக்கும். படுத்தால் படுக்கட்டும், முன்னங்காலால் கீறத் தொடங்கினால் மட்டும் மேலே இரண்டு கல்லைத் தூக்கி வையுங்கள். நன்றி, வணக்கம்.