சுட்ட மண்ணும் பச்சை மண்ணும்

மேடையில் இருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஜமாத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மூச்சடக்கிச் சங்கு எடுத்துவரும் அண்ணன்மார்களே, மேகம் கூடியும் எழுந்து போகாமல் இருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். கொட்டகை தந்த தலைவர் அம்மாவுக்கும், மைக் செட்டுக்கு ஓடியாடிய தலைமையாசிரியர் ஐயாவுக்கும் தனியாக நன்றி சொல்லாமல் தொடங்கினால் தப்பு.

மருந்துக் குகையைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: அதன் மண், வடிவம், தீ. சித்த வைத்தியர் குகை என்பதும் நகை ஆசாரி மூசை என்பதும் ஒன்றுதான், உலோகம் உருக்கும் மண்கிண்ணம். பாதரசம், உலோகம் கொண்டு மருந்து செய்வதைச் சொல்லும் ரச நூல்கள், வச்சிர மூசை என்கிற ஒரு வகை மூசைக்கு மூன்று பங்கு மண் எடுத்து, சணல், சாணம், கருக்கிய உமி, இரும்பு உருக்கும்போது கழியும் கிட்டம் எல்லாம் சேர்த்து இடிக்கச் சொல்கின்றன. நாரும் உமியும் சேர்ந்த மண் சூட்டில் சட்டென்று வெடிக்காது. கத்தரிக்காய் வடிவில் நீண்ட குழலோடு ஒரு மூசை உண்டு, அது துத்தநாகம் வடிக்க. துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், திறந்த கிண்ணத்தில் வைத்தால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. ராஜஸ்தானில் ஜாவர் துத்தநாகச் சுரங்கப் பக்கம் அந்த வடிவக் கலங்கள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

எங்கள் அய்யா, அப்பாவைப் பெற்றவர், தொண்டிப் பக்கம் வைத்தியர். சங்கைச் சுட்டுப் பொடியாக்கும் மருந்தான சங்கு பற்பம் போடுவார். சுத்தி செய்த சங்கை அகலில் வைத்து, மேலே இன்னொரு அகலைக் கவிழ்த்து, வாயைச் சுற்றி மண் குழைத்த துணியை ஏழு தரம் சுற்றிச் சீலைமண் செய்து, காயவைத்து வறட்டிப் புடம், அதாவது வறட்டி அடுக்கித் தீ மூட்டிச் சுடுவது. ஒரு ஐப்பசி, அடைமழை, குயவர் வீட்டு அகல் தீர்ந்துபோனது. யாரோ கடற்கரைப் பக்கத்து மண்ணில் அகல் செய்து சுட்டுக் கொண்டுவந்தார்கள். ஓரத்தில் மயிரிழை விரிசல். எனக்குப் பத்து வயது இருக்கும், அய்யா பார்க்குமுன் ஈரமண்ணை அப்பித் தடவி மறைத்துவிட்டேன். மறுநாள் புடம் ஆறியதும் பிரித்தால் அகல் இரண்டு துண்டு, சங்கெல்லாம் சாம்பல் கலந்து கறுத்துக் கிடக்கிறது! அய்யா என்னைத் திட்டவில்லை. "சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதுப்பா" என்றார். அப்புறம் அந்த மழையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு குயவர் வீட்டுக்கு நடந்தார். குயவர் உடைந்த ஓட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்பு மண்ணு வைத்தியரே, இதுல தீ நிக்காது. கண்மாய் மண்ணு வேணும்."

அந்தக் கண்மாய்தான் இப்போது எப்படி இருக்கிறது? நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் இருக்கிற மாவட்டம் இது. நம் ஊர்க் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் ஆள் நுழைய முடியாமல் நிற்கிறது, அடியில் மணல் மேடு. மண் இல்லாமல் குயவர் திருப்பூருக்குப் போய்விட்டால் குகை எங்கிருந்து வரும், புடம் எங்கிருந்து வரும்? வேரோடு பிடுங்காமல் மேலே வெட்டிவிட்டுப் போவதும், தூர்வாரியதாகக் கரையை மட்டும் பூசுவதும், சுட்ட மண்ணில் பச்சை மண்ணை அப்புகிற வேலைதான், ஒட்டாது!

தீயைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, மழை வருகிறது. கண்மாயை வேரோடு சுத்தம் செய்யவும், குயவர் களிமண் எடுக்க அனுமதி தரவும் வட்டாட்சியருக்கு மனு எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், பேனா தலைமையாசிரியர் ஐயாவிடம் இருக்கிறது.