யோசிக்காமல் செய்வது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவருடைய ஜெபத்தைக் கேட்டு அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஜெபிக்கும்போது வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்கிறோம். ஆமென் சொல்லி எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் காலை மிதித்துவிட்டால் வாயில் முதலில் என்ன வருகிறது? அதைக் கேட்டால் ஓரளவு சொல்லலாம். யோசிக்க நேரம் கிடைக்காத அந்த இரண்டு விநாடியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

ஆதியாகமம் 24-ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஈசாக்குக்குப் பெண் தேடி அவன் தகப்பன் ஆபிரகாமின் ஊழியக்காரன் 10 ஒட்டகங்களோடு நாகோருடைய ஊருக்கு வருகிறான். சாயங்காலம். பெண்கள் தண்ணீர் மொள்ள வரும் நேரம். அவன் வைக்கிற சோதனையைக் கவனியுங்கள். பக்தியைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. தனக்கு மட்டும் குடிக்கத் தண்ணீர் கேட்பான். ஒட்டகங்களுக்கும் ஊற்றுகிறேன் என்று எவள் தானாகச் சொல்கிறாளோ அவளே பெண். கேட்ட தண்ணீரை எந்தப் பெண்ணும் கொடுத்திருப்பாள், அது சாதாரண மரியாதை. கேட்காததில்தான் சோதனை இருக்கிறது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எனக்குப் பிடித்த கணக்கு இது. நன்றாகத் தாகமெடுத்த ஒட்டகம் கால் மணி நேரத்துக்குள் 100 லிட்டர் வரை குடித்துவிடும். அவ்வளவு வேண்டாம், பாதி என்றே வைத்துக்கொள்வோம். 10 ஒட்டகங்களுக்கு 500 லிட்டர். தோளில் சுமக்கும் குடம் 15 லிட்டர் பிடித்தால் முப்பது நடைக்கு மேல் ஆகிறது. துரவில் இறங்க வேண்டும், நிரப்ப வேண்டும், ஏற வேண்டும், தொட்டியில் ஊற்ற வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். அன்று தண்ணீர் மொள்ள வந்த ரெபெக்காள் என்ற பெண் இதை ஓடி ஓடிச் செய்தாள் என்று வேதம் சொல்கிறது. அவனோடு ஆட்களும் வந்திருந்தார்கள், 32-ஆம் வசனத்தில் இருக்கிறது. ‘உங்கள் ஆட்கள் மொண்டு ஊற்றட்டுமே’ என்று அவள் கேட்டிருக்கலாம், அதில் தப்பே இல்லை. கேட்கவில்லை. அவனோ பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பொன் நகைகளை எடுப்பது ஒட்டகங்கள் குடித்து முடித்த பிறகுதான். அதுவரை இது ஒரு சோதனை என்றே அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஓட்டத்துக்கு மதிப்பே இல்லை.

மத்தேயு 25-லும் இதேதான். நியாயத்தீர்ப்பு நாளில், நான் பசியாயிருந்தபோது போஜனம் கொடுத்தீர்கள் என்று ராஜா சொன்னதும் நீதிமான்கள் ‘எப்போது?’ என்று கேட்கிறார்கள். கொடுக்காமல் விட்டு இடதுபக்கம் நிற்பவர்களும் அதே ‘எப்போது?’ தான் கேட்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஞாபகமில்லை. செய்தவர்களும் யோசித்துச் செய்யவில்லை, விட்டவர்களும் யோசித்து விடவில்லை.

சரி, யோசிக்காமல் வருவதை எப்படி மாற்றுவது? யோசித்துத்தான். கொஞ்ச காலம் வேண்டுமென்றே செய்தால் பிறகு அது தானாக வரும். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு ஒரு முறை வகுத்தார். 1548-இல் அச்சான அவருடைய ஆன்மீகப் பயிற்சி நூலில் இருக்கிறது. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் இன்று இதில் கவனமாயிருப்பேன் என்று தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, இராச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை மணிக்கணக்காகத் திரும்பிப் பார்த்து, எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடு, வாரத்துக்கு ஏழு ஜோடி. அந்தக் கட்டத்தை வானொலியில் காட்ட முடியாது, விட்டுவிடுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விழுந்த அந்த நிமிஷமே கையை நெஞ்சில் வைக்கச் சொல்கிறார். பலர் நடுவில் இருந்தாலும் யாரும் கவனிக்காமல் செய்யலாம் என்கிறார். விழுந்ததற்காக வருந்தத்தான் அது. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தால் பாதி மறந்துபோகும்.

இதில் பலர் இரண்டாவது வாரத்திலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் உண்டு. ‘இனிமேல் பொறுமையாயிருப்பேன்’ என்று தொடங்குகிறார்கள். எப்போது, எதில் என்று இல்லை, அதனால் புள்ளி வைக்கவே இடமில்லை. ‘போன் அடித்தால் ஒரு மூச்சு விட்டுவிட்டு எடுப்பேன்’, ‘இல்லாத ஒருவர் பெயர் பேச்சில் வந்தால் முதல் வார்த்தை குறையாக இராது’, ‘மீதிச் சில்லறை கூடுதலாக வந்தால் அங்கேயே எண்ணித் திருப்பிக் கொடுப்பேன்’. இப்படி நேரமும் செயலும் சேர்ந்திருந்தால் நிற்கும். இரண்டாவது கோளாறு, நாலைந்தை ஒன்றாகப் பிடிப்பது. ஒன்றில் பழகியது இன்னொன்றுக்கு உதவும் என்று நம்பாதீர்கள். ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றிய அதே ரெபெக்காள்தான் 27-ஆம் அதிகாரத்தில், கண் மங்கிப்போன புருஷன் ஈசாக்கை ஏமாற்ற மகன் யாக்கோபுக்கு வழி சொல்லிக் கொடுத்தாள். உபகாரத்தில் கை பழகியிருந்தது, உண்மையில் பழகவில்லை. மூன்றாவது கோளாறுதான் மோசமானது. புள்ளி குறையக் குறையப் பக்கத்து ஆளின் புள்ளியை எண்ணத் தொடங்குவது. இயேசு சொன்ன உவமையில், இன்னொருவனைப் போல் நான் இல்லை, வாரத்துக்கு இரண்டு தரம் உபவாசிக்கிறேன் என்று தேவாலயத்தில் கணக்குச் சொன்ன பரிசேயன் விழுந்த இடம் அது. அதனால் அந்தத் தாளை யாருக்கும் காட்டாதீர்கள். மாத முடிவில் கிழித்துப் போடுங்கள்.

வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்று மட்டும். எந்தக் குறையில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்: ‘எரிச்சல் வந்தால் நான் முதலில் என்ன செய்கிறேன்?’ அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம். பேசத் தோன்றினால் அதையே முதல் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.