ரைட் சகோதரர்களாம்! இறக்கையைப் பார்க்க வேண்டாமா?

மக்களே, வணக்கம். பாரிஸ் வான்வ் பழம்பொருள் சந்தைக்குப் போனால் நான் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை வெண்கலத் தகடு. உள்ளங்கை அளவுதான். கீழே கடல், ஓரத்தில் செங்குத்துப் பாறை, அதன்மேல் கோட்டை, நடுவானில் ஒரு விமானம். முன்னாலும் பின்னாலும் பெயர் இல்லை, வருடம் இல்லை.

விற்றவர் “ரைட் சகோதரர்கள்” என்று அடித்துச் சொல்லி 60 யூரோ கேட்டார். எனக்கு வந்ததே எரிச்சல்! ரைட் விமானத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. இதில் ஒரே அடுக்கு, கீழே சைக்கிள் சக்கரம் வேறு. இதைச் சொன்னதும் 45 ஆனது. கிளம்புவதுபோல் திரும்பினேன், 35. கையில் சில்லறை இல்லை என்றேன், 30! பாதி விலை, மக்களே! ஊரில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசிய வாய் இது.

சரி, யாருடைய விமானம்? கோட்டை இங்கிலாந்துக் கரையில் இருக்கும் டோவர் கோட்டை என்றால் வருடம் 1909. ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடப்பவருக்கு 1000 பவுண்டு பரிசு என்று டெய்லி மெயில் பத்திரிகை அறிவித்திருந்தது. ஜூலை 19 அன்று லாதம் என்ற பிரெஞ்சு விமானி கிளம்பினார், என்ஜின் நின்று கடலில் இறங்கினார். 25ஆம் தேதி விடியலில் இன்னொரு பிரெஞ்சு விமானி ப்ளெரியோ, வெறும் 25 குதிரைத்திறன் என்ஜினோடு பிரான்சின் கலே பக்கமிருந்து கிளம்பி, சுமார் 37 நிமிடத்தில் டோவர் கோட்டையருகே புல்வெளியில் புரொப்பெல்லர் உடைய இறங்கினார்.

லாதமின் ஆன்த்வானெத் விமானத்துக்குப் படகுபோல மூடிய உடல். இதில் வால் பக்கம் பாருங்கள், துணி போர்த்தாத மரச்சட்டம் அப்படியே தெரிகிறது. ப்ளெரியோவேதான்! அந்தச் சட்டத்தை இவ்வளவு பொடியாகச் செதுக்கியவர் கையை முத்தமிடலாம்.

ஆங், விளிம்பைச் சொல்லவே இல்லையே. வெண்கலம் என்று பிரெஞ்சில் பொடி எழுத்து, பக்கத்தில் ஒரு கொம்பு முத்திரை. 1880 முதல் பாரிஸ் நாணயச் சாலை போடும் முத்திரை அது. ஆனால் பழைய அச்சில் பிற்காலத்தில் அடித்தவற்றிலும் அதே கொம்புதான் இருக்கும். அதனால் 1909லேயே அடித்தது என்று யாராவது விலையை ஏற்றினால் நம்பாதீர்கள்.

அப்புறம், புளி போட்டுத் தேய்க்கச் சொல்லும் அண்ணன்மாரே, தயவுசெய்து வேண்டாம். இந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான் மதிப்பே. பாறைக்கடியில் ஒரு கீறல் இருக்கிறது, எனக்குக் கையெழுத்துபோலத் தெரிகிறது. கிட்டத்தில் காட்டுகிறேன், பிரெஞ்சுப் பதக்கம் சேர்ப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.