கெய்ன் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கிட்டார் வாசிக்கிறவனைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசப் போகிறேன். மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் போயிருப்பீர்கள். கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமே என்று மைக் செட்காரர் குமிழை முழுக்கத் திருகி வைத்திருப்பார், குரல் கரகரவென்று உடைந்து வரும். மைக் செட்டில் அது கோளாறு. ப்ளூஸ், ஹார்டு ராக் என்ற மேற்கத்திய இசை வகைகளில் கிட்டாருக்குக் குரலே அதுதான்.

ஆம்ப்ளிஃபயர் எதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதற்கு மேல் தள்ளினால் ஒலி அலையின் முகடு நசுங்கித் தட்டையாகிவிடும். அப்போது வாசித்த சுரத்தோடு, வாசிக்காத மேல் சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். வால்வு, அதாவது சூடாகி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய், வைத்த ஆம்ப்பில் இது படிப்படியாக நடக்கிறது. மெதுவாக மீட்டினால் தெளிவாகப் பேசும், அழுத்தி மீட்டினால் கரகரக்கும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் அந்த முகட்டைச் சட்டென்று வெட்டிவிடும், கொஞ்ச நேரத்தில் காது வலிக்கும்.

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், சுவிட்சைப் போட்டு வால்வு சூடாகும் வரை காத்திருந்தால்தான் பாட்டு வரும். அந்த ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை இயக்கியது இ.எல்.84 என்ற வால்வு. அதே வால்வு நான்கைச் சேர்த்துச் செய்ததுதான் வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப். பீட்டில்ஸ் வாசித்ததும் குவீன் குழுவின் பிரையன் மே வாசித்ததும் அதில்தான்.

இந்தக் கரகரப்புக்காக முதலில் யாரும் ஆம்ப்பை வடிவமைக்கவில்லை. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964-இல் ஒரு சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறியே அந்த ஒலியை எடுத்தார். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், அமெரிக்காவின் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பின் சுற்றைப் பார்த்து 1962 வாக்கில் தன் முதல் ஆம்ப்பைக் கொண்டுவந்தார். பேஸ்மேன், பெயரே சொல்வது போல, கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டாருக்காகச் செய்தது. 1966-இல் கிட்டார்க் கலைஞர் எரிக் கிளாப்டன் ஒரு மார்ஷலை ஒலிப்பதிவுக் கூடத்திலேயே சத்தமாக வைத்து, ஜான் மேயால் குழுவோடு ப்ளூஸ் பதிவு செய்தார். ஹார்டு ராக் கிட்டாரின் ஒலி பெரும்பாலும் அந்த வழியில் வளர்ந்ததுதான்.

என் கதைக்கு வருகிறேன். முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன அறை, பதினைந்து வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். கரகரப்பை ஏற்றும் கெய்ன் குமிழ் பத்தில், கீழ் ஒலிக்கான பேஸ் பத்தில், மேல் ஒலிக்கான ட்ரெபிள் பத்தில், நடு ஒலிக்கான மிட் மட்டும் சைபரில். தனியாக வாசித்தால் இடி இடிக்கிற மாதிரி இருக்கும். அந்தத் தைரியத்தில் ஒரு ஜூன் 21, உலக இசை நாளன்று, நண்பர்களோடு மேடை ஏறினேன். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் தொடங்கியதும் என் கிட்டாரைக் காணோம். கை ஆடுகிறது, ஒலி மட்டும் ஈக்கூட்டம் போல எங்கோ ரீங்கரிக்கிறது. ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மேடையோரம் வந்தார். "தம்பி, கெய்னைப் பாதியாக் குறை. மிட்டை ஏத்து." "அப்புறம் ராக் மாதிரியே இருக்காதேண்ணே" என்றேன். "முதல்ல கேக்கட்டும்பா" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கிட்டாரின் குரல் இருப்பதே நடு ஒலியில்தான். கீழே பேஸ் கிட்டாரும் உதை டிரம்மும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன, மேலே தாளத் தகடுகள். மிட்டைச் சைபரில் வைத்தவன் தனக்கென்று இருந்த ஒரே இடத்தையும் காலி செய்து கொடுத்துவிட்டான்! கெய்ன் ஏற ஏற அழுத்தமான மீட்டலும் மெல்லிய மீட்டலும் ஒரே அளவாகிவிடும், தாளத்தின் குத்து போய்விடும். ஏசி டிசி குழுவின் மால்கம் யங் வாசித்ததைக் கவனித்துக் கேளுங்கள். நாம் நினைப்பதைவிட எவ்வளவு குறைந்த டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, என்று தெரியும்.

அதிலும் சில சுரங்களைச் சேர்த்து மீட்டும் முழு கார்டைக் கரகரப்பில் போட்டால் கூழாகிவிடும். காந்தாரம் மற்ற சுரங்களோடு மோதிக் கலங்கும். அதனால்தான் ஹார்டு ராக்கில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடிக்கிறார்கள், அதற்குப் பவர் கார்ட் என்று பெயர். நம் தம்புராவின் அதே ச, ப. ப்ளூஸ்காரர்கள் அந்த விட்டுப்போன காந்தாரத்தைத் தனியாக எடுத்து, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே தந்தியை இழுத்து அழவைக்கிறார்கள்.

சரி, எந்த ஆம்ப் வாங்குவது? நூறு வாட் வேண்டாம். பத்து வாட்டைப் போல அது பத்து மடங்கு சத்தம் போடாது, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். நூறு வாட் ஆம்ப்பை அது திணறும் அளவுக்கு வீட்டில் வைத்தால் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார், தட்டியிருக்கிறார். ஐந்து வாட் வால்வு ஆம்ப் ஒன்றே வீட்டுக்குத் தாராளம். வால்வுதான் வேண்டும் என்று கடன் வாங்கவும் வேண்டாம், ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் பல காலம் வாசித்த லேப் சீரிஸ் எல்5 முழுக்க டிரான்சிஸ்டர். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கரை இணைக்காமல் அதை இயக்காதீர்கள். திறந்து பார்க்கவும் வேண்டாம், உள்ளே சில நூறு வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். அப்புறம் நம் உப்புக் காற்று. தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த தந்தியில் எந்த ஆம்ப்பும் மந்தமாகத்தான் ஒலிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

ஆம்ப்பைச் சரிசெய்ய என் வழி இதுதான். எல்லாக் குமிழையும் பாதியில் வைப்பேன். கிட்டாரின் வால்யூமைப் பத்தில் வைத்து, அழுத்தி மீட்டும்போது மட்டும் உடையும் வரை கெய்னை ஏற்றுவேன். அதோடு ஆம்ப் பக்கம் கை போகாது. மிச்சம் கிட்டார் வால்யூம் பார்த்துக்கொள்ளும். இங்கே ஸ்டுடியோவில் அப்படித்தான் ஐந்து வாட் ஆம்ப் ஒன்றை வைத்திருக்கிறேன். இப்போது வால்யூம் ஆறில் இருக்கிறது, ப்ளூஸுக்கு. நான்கு வரி வாசித்துவிட்டு, ஆம்ப்பைத் தொடாமல், கிட்டாரைப் பத்துக்குத் திருப்புகிறேன். கேளுங்கள்.