புகார் கொடுத்தவரைக் காக்க வைக்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம்.

'லஞ்சம் ஒழிய முதலில் வேண்டியது மக்களின் மனமாற்றமா, தாமதமில்லாத தண்டனையா?' என்பது தலைப்பு. தாமதமில்லாத தண்டனையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் அம்மா, "கொடுக்கிற கை நின்றால் வாங்குகிற கை தானாக நின்றுவிடும்" என்றார். நல்ல கைதட்டல் விழுந்தது. அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

யார் கொடுக்கிறார்கள் அம்மா? கணவரை இழந்த ஒரு பெண் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசைகளைத் தாண்டி அந்தக் காகிதம் வர வேண்டும். அது கைக்கு வந்தால்தான் கணவர் பெயரில் இருக்கும் நிலத்துக்கு ஒரு வழி பிறக்கும். இதில் ஒரு மேசையில் "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கம்மா" என்று ஒரு வார்த்தை வருகிறது. அந்தப் பெண்ணின் மனதில் நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள்? அவர் மனதில் கோணல் எதுவும் இல்லையே. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற கவலை மட்டும்தான் இருக்கிறது. கோடிக்கணக்கான ஒப்பந்தத்துக்காகப் பணம் கொடுப்பவன் வேறு. அவன் கணக்குப் போட்டுக் கொடுக்கிறான். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி. உபதேசத்தால் அந்தக் கணக்கு மாறாது.

கொடுப்பவரைச் சட்டம் சும்மா விட்டிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 1988 ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018 இல் திருத்தினார்கள். லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றமானது. வற்புறுத்தலால் கொடுத்திருந்தால், 7 நாட்களுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கொடுத்தவரும் குற்றவாளிதான். அந்தப் பெண்ணுக்குச் சட்டம் கொடுத்த அவகாசம் ஏழு நாள். நடுவர் அவர்களே, இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அவர் துணிந்து லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகிறார். நம் மாநிலத்தில் 1964 முதல் இருக்கிற துறை அது. புகாரை எழுதி வாங்குகிறார்கள். வேறு அலுவலகங்களிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக அழைக்கிறார்கள். ரூபாய் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பொடி தடவி அவர் கையில் கொடுக்கிறார்கள். அவர் போய்க் கொடுக்கிறார். வாங்கிய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது. மறுநாள் செய்தித்தாளில் 'கையும் களவுமாகச் சிக்கினார்' என்று நாம் படிக்கிறோம். படித்ததோடு நமக்கு அந்தக் கதை முடிந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தொடங்குகிறது. சிக்கியவர் பணியிடை நீக்கம் ஆகிறார். வேலை பார்க்காத அந்தக் காலத்துக்கும் பிழைப்பூதியம் என்று ஒரு தொகை வருகிறது. வழக்கு இழுக்க இழுக்க, அவர் திரும்ப வேலைக்கே வந்துவிடுவதும் உண்டு. நீதிமன்றம் போக வேண்டுமென்றால் அதே ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19 ஆம் பிரிவின்படி அரசின் அனுமதி வேண்டும். அனுமதியை மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் என்று சட்டமே சொல்கிறது. விசாரணையை இரண்டு ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும், எப்படி நீட்டித்தாலும் மொத்தம் நான்கு ஆண்டைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. எழுதி வைத்தது அப்படி. நடப்பது என்ன? புகார் கொடுத்தவர் ஊர் மாறிவிடுகிறார், உடம்பு தளர்ந்துவிடுகிறார், சிலர் இறந்தே போகிறார்கள். இன்னும் சிலரைச் சொந்தக்காரர் மூலமாகப் பேசிப் பேசியே, முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்கிற பிறழ் சாட்சி ஆக்கிவிடுகிறார்கள். தாலுகா அலுவலகத்துக்கு மறுபடியும் போக வேண்டியவர் அவர். எத்தனை வருடம்தான் பகையைத் தாங்குவார்?

இது என் கற்பனை இல்லை. புகார்தாரர் இறந்துவிட்டாலோ பிறழ் சாட்சி ஆகிவிட்டாலோ வழக்கு என்னவாகும் என்ற கேள்வியை முடிவு செய்ய, உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் அமர்வை அமைக்க வேண்டி வந்தது. நீரஜ் தத்தா வழக்கு, 2022 டிசம்பர். மற்ற சாட்சிகளையும் சூழ்நிலைச் சான்றுகளையும் வைத்து லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஓர் அரசியல் சாசன அமர்வு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய அளவுக்கு அந்தக் கேள்வி ஏன் வளர்ந்தது? வழக்கு முடிவதற்குள் சாட்சி முடிந்துபோவது இந்த நாட்டில் அவ்வளவு சகஜமாகிவிட்டது.

பெரிய வழக்கு ஒன்றையும் பார்ப்போம். பீகாரின் கால்நடைத் தீவன ஊழல். இல்லாத தீவனத்துக்கும் மருந்துக்கும் போலி ரசீது போட்டு, மாவட்டக் கருவூலங்களிலிருந்து பணத்தை எடுத்தார்கள். மாடுகளை ஏற்றிப் போனதாகக் காட்டிய வண்டி எண்களைச் சரிபார்த்தபோது, அவற்றில் ஸ்கூட்டர் எண்களும் இருந்தன. சாய்பாசா கருவூலத்தில் இது வெளிப்பட்டது 1996 ஜனவரியில். அந்தக் கருவூலம் தொடர்பான ஒரு வழக்கில் லாலு பிரசாத், ஜெகந்நாத் மிஸ்ரா என்ற இரண்டு முன்னாள் முதல்வர்களும் அதிகாரிகளும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது 2013 செப்டம்பரில். டோரண்டா கருவூல வழக்கில் தீர்ப்பு வந்தது 2022 இல். மேல்முறையீடு அதற்கும் அப்புறம். சாய்பாசாவில் சோதனை நடந்த நாளில் பிறந்த குழந்தைக்கு டோரண்டா தீர்ப்பு வரும்போது 26 வயது. ஏழு நாளில் வந்து சொல் என்று ஏழைப் பெண்ணிடம் கேட்கிற அமைப்பு, தனக்கு எடுத்துக்கொள்கிற அவகாசம் இது.

"வெளிநாட்டில் மக்கள் ஒழுக்கமானவர்கள், அதனால் அங்கே லஞ்சம் இல்லை" என்று எதிரணியில் ஒரு தம்பி சொன்னார். தம்பி, 1960களின் ஹாங்காங்கைப் பற்றிப் படித்துப் பாருங்கள். நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் 'தேநீர்ப் பணம்' கேட்பார்கள். மருத்துவமனையில் தண்ணீர் கொடுப்பதற்கும் கழிவுத் தட்டு வைப்பதற்கும் ஆயாவுக்குக் காசு. தீயை அணைக்க வந்தவர்களும் கேட்டார்கள். அங்கேயும் மக்கள் பழகிப்போய்க் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, வருமானத்துக்குப் பொருந்தாத நாற்பது லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சேர்த்துவிட்டு, விசாரணை நடக்கும்போதே 1973 இல் இங்கிலாந்துக்குப் பறந்துவிட்டார். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மறு ஆண்டே, போலீஸுக்குக் கீழே இல்லாத தனி ஆணையம் அமைந்தது. 1975 ஜனவரியில் காட்பரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், நான்கு ஆண்டு சிறை கிடைத்தது.

அதோடு எல்லாம் சுகமாக முடிந்துவிடவில்லை. 1977 இல் போலீஸ்காரர்கள் அந்த ஆணையத்தின் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து அடித்தார்கள். ஆளுநர் பழைய குற்றங்கள் பலவற்றுக்கு மன்னிப்பு அறிவிக்க வேண்டி வந்தது. அப்படி அடிபட்டும் ஆணையம் தொடர்ந்தது. புகார் கொடுத்தால் யாராவது வருவார்கள் என்று ஜனங்கள் நம்பத் தொடங்கினார்கள். எதிரணி கேட்கிற மனமாற்றம் அங்கே வந்தது. தண்டனை முதலில் வந்தது, மனமாற்றம் அதன் பின்னால் வந்தது.

நம் முன்னோருக்கும் இது தெரியும். உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டைப் பாருங்கள், கி.பி. 921. வாரியம் என்ற ஊர் நிர்வாகக் குழுவில் பொறுப்பு வகித்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை, தேர்தலுக்கான குடவோலையில் எழுதக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். மனம் திருந்தட்டும் என்று அடுத்த தேர்தல் வரை விட்டு வைக்கவில்லை.

கடைசியாக எதிரணித் தலைவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "வேகம் வேகம் என்கிறீர்களே, பொய்ப் புகாரில் நேர்மையான அதிகாரி மாட்டினால்?" அம்மா, தாமதத்தால் அதிகம் நொறுங்குகிறவர் அந்த நேர்மையான அதிகாரிதான். குற்றம் செய்தவருக்குத் தாமதம் லாபம். சேர்த்த சொத்தை அனுபவித்துக்கொண்டு ஓய்வு பெற்றுவிடுவார். குற்றம் செய்யாதவருக்குப் பதவி உயர்வு நிற்கும், ஓய்வூதியப் பலன் நிற்கும், மகள் கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் முணுமுணுப்பார்கள். இரண்டு வருடத்தில் "இவர் குற்றமற்றவர்" என்று நீதிமன்றம் சொன்னால் அவர் தலை நிமிர்வார். பதினைந்து வருடம் கழித்துச் சொன்னால் அதைக் கேட்க அவர் அலுவலகத்தில் யார் இருப்பார்கள்?

எங்கள் அணி புதுச் சட்டம் எதையும் கேட்கவில்லை. வழக்கு தொடர அனுமதி கேட்டு எந்தத் துறையில் எத்தனை கோப்பு எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதை மாதாமாதம் அந்தத் துறையின் வாசலிலேயே எழுதிப் போடுங்கள். ஊழல் வழக்குகளுக்கான நீதிமன்றங்களில் நீதிபதி இடம் ஒன்று காலியானால் அந்த மாதமே நிரப்புங்கள். புகார் கொடுத்தவரின் மனுவை அவருடைய ஊரிலுள்ள அதே அலுவலகம் பார்க்காமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நேரடியாக முடித்துக் கொடுக்கட்டும். அந்த வாரிசுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.